ரோஸ் ஹில் மாலை வகுப்பு: கண்ணுக்குப் பயிற்சி உண்டு, தமிழ் எழுத்துக்கு இல்லை

மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், பத்து வாரம் நடக்கும் அறிமுக டிசைன் வகுப்பு இது. பாடம் கிரியோலும் பிரெஞ்சும் கலந்து போகும். கோவில் சங்கத்துக்குக் காவடி, தீமிதி சுவரொட்டி போடுகிறவர்களுக்கும் கடைப் பலகை வேலை பார்க்கிறவர்களுக்கும் ஏற்றது.

முதல் மூன்று வாரம் கணினியைத் திறக்க விடுவதில்லை. கொடுத்த காசுக்கு மதிப்புள்ள பகுதி அதுதான். ஒரே சுவரொட்டிக்குத் தீப்பெட்டி அளவில் இருபது பென்சில் கட்டங்கள் வரைய வேண்டும். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும்: நடுவில் முருகன், மேலே தலைப்பு, கீழே தேதி. பத்தைத் தாண்டிய பிறகுதான் வேல் ஒன்றே பக்கத்தைக் குறுக்கே வெட்டுவது, படமே இல்லாமல் தேதி மட்டும் பெரிதாக நிற்பது என்று யோசனை வேறு பக்கம் திரும்பும். வரைந்ததைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, நான்கு மீட்டர் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்வார்கள். அப்போதும் முதலில் தெரிவது எதுவோ, அதுதான் அந்தச் சுவரொட்டி சொல்லும் சேதி. அது நன்கொடையாளர் பெயராக இருந்தால் திரும்ப வரைய வேண்டியதுதான். (இந்த விதி கோவில் குழுக் கூட்டத்தில் செல்லாது.)

நிறப் பாடமும் உருப்படியானது. காவடிக்கு இங்கே உடுத்தும் அந்தப் பளிச் ரோஜா நிறம் திரையில் ஒன்று, அச்சில் ஒன்று. ஒளி காட்டுவதை மை காட்டாது. திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி) கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினால் மங்கிய ஊதாதான் வந்து சேரும். அச்சு மைகளின் கலவையான சிஎம்ஒய்கேயில் மெஜந்தா என்ற ரோஜா மையை 100 சதவீதம் வைத்து, சயான் என்ற நீல மையைச் சுழியமாக்கினால் பளிச்சென்று நிற்கும். ஏ3 தாளுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாதபடி வெளியே நீட்டி விடும் பகுதி), படங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி). வாட்ஸ்அப்பில் வந்த சாமி படம் இதில் தேறாது.

சறுக்குவது எழுத்துப் பாடத்தில். தலைப்பு தனித்துத் தெரிய ‘கேப்பிடல் எழுத்தில் போடு’ என்கிறார்கள். தமிழில் அது ஏது? தடிமன், அளவு, சுற்றிலும் விடும் வெற்றிடம், இவைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். வரி இடைவெளிக்குச் சொல்லித்தரும், எழுத்தளவில் 120 சதவீதம் என்பது லத்தீன் எழுத்துக்குப் போதும். தமிழில் மேல்வரி ‘நூ’வின் வால் கீழ்வரி ‘கீ’யின் கொக்கியில் இடிக்கும். 140 முதல் 150 வரை வையுங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு கொம்பு என்றுதான் பதிவாகிறது. அதை முன்னுக்குக் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தால் சரியாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்தை அவுட்லைனாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நிகழ்ச்சி நேரம் மாறினால்கூட அவுட்லைனில் திருத்த முடியாது.

ஒரே தாளில் இரண்டு மூன்று மொழியை அடுக்குவது இந்தத் தீவில் அன்றாட வேலை. வகுப்பில் அதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்தை அடுத்து வந்துகொண்டிருந்த தமிழ், 1998 வெளியீட்டில் இந்திக்குக் கீழே இறங்கியது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், மொரிஷியஸ் வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. எது மேலே, எது கீழே என்று கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. பாடத்தில் காட்டுவதென்னவோ ஐரோப்பிய ரயில் நிலையப் பலகைகள்.

கடைசி வார அச்சுச் செலவு கட்டணத்தில் சேராது. ஒரு பிரதி எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்த பிறகு மிச்சத்துக்குச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குச் சுவரொட்டி வேண்டுமென்றால் அக்டோபரில் சேர வேண்டும். ஜனவரியில் சேர்ந்தால் பாடம் முடிவதற்குள் காவடி இறக்கியாகிவிடும்.