கணுக்கால் சுளுக்கும் நானும், 8 மாசக் கணக்கு

போன செப்டம்பர்ல ஒரு நாள் காலைல பால் வாங்கிட்டு வரும்போது மழைநீர் வடிகால் மேல போட்டிருக்கிற சிலாப் விளிம்புல இடது கால் வச்சேன், பாதம் அப்படியே உள்பக்கமா மடிஞ்சுது, டொக்குன்னு ஒரு சத்தம் வேற, கைல இருந்த ரெண்டு பச்சைப் பாக்கெட்ல ஒண்ணு உடைஞ்சு ரோட்டுல ஓடுது. அந்த நேரத்துல கால் கூட தோணல, பாலு போச்சேன்னுதான் இருந்துச்சு. இப்ப 8 மாசம் ஆச்சு, இதுக்குள்ள அந்தக் கால்ல சுத்துனது மாட்டுனது எல்லாம் எது தேறுச்சு எது தேறலன்னு எழுதி வைக்கிறேன்.

முதல்ல நான் பண்ண தப்பு. எதிர் வீட்டு அக்கா ரெட்டைப் பிள்ளை பெத்தவங்க, அவங்க கை பட்டா சுளுக்கு ஓடிரும்னு எங்க தெருவுல ஒரு நம்பிக்கை. அம்மா வேற போன்ல "டேய், சூடா நல்லெண்ணெய் வச்சு வழிச்சு விடச் சொல்லுடா"ன்னு ஒரே பிடி. அக்காவும் பாசமா அரை மணி நேரம் வழிச்சு விட்டாங்க, சாயங்காலம் பார்த்தா கால் பலாச்சுளை கணக்கா வீங்கி கிடக்கு. உள்ள கிழிஞ்ச இடத்துல ரத்தக்கசிவு நிக்காம இருக்கும்போது சூடும் அழுத்தமும் கொடுத்தா வீக்கம் கூடத்தான் செய்யும்னு அப்புறம் டாக்டர் சொன்னார். அக்காவ குறை சொல்ல முடியாது, காலை நீட்டுனது நான்தான்.

டாக்டர் ரெண்டு பக்க மொளிக்கும் பின்னாடி எலும்பை அமுக்கிப் பார்த்தார், சுண்டுவிரல் பக்கம் பாதத்தோட நடு எலும்ப அமுக்கினார், அப்புறம் நாலு அடி நடக்கச் சொன்னார். இது கனடாவுல ஒட்டாவாவுல 1992ல கொண்டுவந்த முறையாம், எக்ஸ்ரே வேணுமா வேண்டாமான்னு இதுலயே பெரும்பாலும் தெரிஞ்சிருமாம். என்னால மூணாவது அடி வைக்க முடியல, எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்புல ஒண்ணும் இல்ல. வெளிப்பக்கம் முன்னாடி இருக்கிற லிகமெண்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற நாரு, பாதி கிழிஞ்சிருக்கு, கிரேடு 2ன்னார். எல்லாருக்கும் முதல்ல அடி வாங்குறது அந்த லிகமெண்ட்தானாம். மூணாம் நாள் குதிகால் ஓரமா நீலம் பாரிச்சிருச்சு, அடிபட்ட இடம் மேல இருக்கு, ரத்தம் எதுக்கு இங்க வந்துச்சுன்னு பயந்துட்டேன், அது தானா கீழ இறங்குறதுதான், ரெண்டு வாரத்துல மஞ்சளாகி மறைஞ்சிருச்சு.

இப்ப கிரேப் பேண்டேஜ், அதான் இழுத்துச் சுத்துற எலாஸ்டிக் துணிக்கட்டு. 10 சென்டிமீட்டர் அகலம் வாங்குங்க, 15 வாங்கினா பாதத்துல மடிப்பு மடிப்பா நிக்கும். விரல் பக்கத்துல இருந்து மேல நோக்கி எட்டு போடுற மாதிரி சுத்தணும், நான் முதல் வாரம் முழுக்க மேல இருந்து கீழ சுத்தி விரலெல்லாம் பணியாரம் மாதிரி உப்பிருச்சு. கூட வர்ற ரெண்டு கிளிப்பும் நாலு நாள்ல காணாமப் போயிரும், காகித டேப் போதும். இந்தச் சென்னை வேக்காட்டுல தினம் துவைச்சே ஆகணும், துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் செத்துரும், ஒண்ணரை மாசம்தான் தாங்குச்சு. முதல் மூணு நாலு நாள் வீக்கத்துக்கு மட்டும்னா இதவிட நல்லது எதுவும் இல்ல. ஐஸுக்கு ஸ்பெஷலா ஒண்ணும் வாங்கல, துண்டுல சுத்தி 15 நிமிஷம், வலி மரத்துப்போகும் அவ்வளவுதான்.

வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல, கம்பு எதிர்க் கைல. இது தெரியாம ஒரு வாரம் உக்காந்து உக்காந்து இறங்கினேன், லுங்கி கிழிஞ்சதுதான் மிச்சம். பைக் சுத்தமா முடியாது, ஒண்ணாவது கியர் கீழ தட்டிரலாம், மத்ததெல்லாம் இடது கால் நுனியால மேல தூக்கணுமே, உயிர் போயிரும். வைஃப்போட ஸ்கூட்டிய எடுத்தேன், அதுலயும் சிக்னல்ல பழக்க தோஷத்துல இடது கால்தான் ஊனும், ரோடு வேற இடது பக்கம் சரிவு. ரெண்டு தடவ கத்தினதுக்கு அப்புறம் ஆட்டோதான், கிண்டிக்குப் போயிட்டு வர்றதுக்கே அந்த மாசச் சம்பளத்துல பெரிய ஓட்டை.

ரெண்டாவது மாசம் சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டுற ஸ்லீவ் வாங்கினேன். கதகதப்பா இருக்கும், கால்ல ஏதோ போட்டிருக்கோம்னு ஒரு தைரியம், ஆனா பாதம் மடியுறத அது தடுக்கவே தடுக்காது, நம்பி வேகமா நடந்துறாதீங்க. லேஸ் கட்டுற பிரேஸ்தான் உண்மையிலேயே பிடிக்குது, அது ஷூவுக்குள்ள மட்டும்தான் செட் ஆகும், கோயில் வாசல், யார் வீட்டு வாசல்னாலும் அவுத்துக் கட்ட அஞ்சு நிமிஷம், ஜனம் பின்னாடி முட்டிக்கிட்டு நிக்கும்.

பொங்கலுக்கு தஞ்சாவூர் பக்கம் ஊருக்குப் போனப்பதான் நிஜமான டெஸ்ட். அதுக்குள்ள நல்லா நடந்துட்டுதான் இருந்தேன். சம்மணம் போட்டு உக்காந்தா அடிபட்ட அதே இடம்தான் தரைல அழுந்தும், அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல, இலை போட்டு உக்காந்தவன் ரசம் வர்றதுக்குள்ள எழுந்துட்டேன். காலைல இந்தியன் டாய்லெட், குதிகால் தரைல பதியவே மாட்டேங்குது, ஒரு கைல குழாயப் பிடிச்சுக்கிட்டு... விடுங்க.

திரும்பி வந்து பிசியோகிட்ட போனேன். அவங்க என்னைய அடிபட்ட கால்ல மட்டும் நின்னு கண்ண மூடச் சொன்னாங்க. மூணு எண்றதுக்குள்ள சாஞ்சுட்டேன். "சார், வலி போயிருச்சு, ஆனா பாதம் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்கு சேதி ஒழுங்கா போகல, அதான் திரும்பத் திரும்ப மடியுது"ன்னாங்க. அன்னைல இருந்து தினம் காலைல பால் பொங்குற வரைக்கும் கேஸ் அடுப்புக்கு முன்னாடி ஒத்தக்கால்ல நிக்கிறதுதான் வேலை, கூட குதிகாலைத் தூக்கி இறக்குறது, ரப்பர் பேண்ட்ல பாதத்த வெளிப்பக்கம் தள்ளுறது. சின்னவ முதல்ல சிரிச்சா, அப்புறம் அவளும் கூட நின்னா. இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல, நான் வாங்குன எல்லாத்தையும் விட இதுதான் வேலை செஞ்சது, முதல் மாசக் கடைசிலயே யாராவது சொல்லியிருந்தா பொங்கல் சாப்பாட்ட ஒழுங்கா சாப்பிட்டிருப்பேன்.

இப்ப கண்ண மூடி 25 வரைக்கும் எண்ணுறேன். ரொம்ப நேரம் தொங்கப்போட்டு உக்காந்தா சாயங்காலம் லேசா வீங்கும், அதனால ஆபீஸ் மேசைக்கு அடில ஒரு அட்டைப்பெட்டி. பைக் பிப்ரவரில இருந்து ஓட்டுறேன், பிரேஸ் மேடு பள்ளத்துல நடக்கிற அன்னைக்கு மட்டும். அந்த சிலாப் மட்டும் இன்னும் அப்படியேதான் ஆடிட்டு இருக்கு, சுத்திப் போறேன். எலாஸ்டிக் செத்த பழைய கிரேப் பேண்டேஜ வச்சு மொட்டை மாடில கறிவேப்பிலைச் செடிய கம்போட சேர்த்துக் கட்டியிருக்கு, அதுக்கு நல்லாவே பிடிக்குது.