குடும்பக் கேனோவா, நெடும்பயணக் கேனோவா?

துடுப்பு வலித்துப் போகும் ஒடுங்கிய படகுதான் கேனோ. குடும்பக் கேனோ என்றால் 16 அடி நீளம், 36 அங்குல அகலம், தட்டையான அடிப்பாகம்: ஏரியில் குடும்பத்தோடு சுற்ற இதுதான் தோது. குழந்தை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தாலும் லேசில் ஆடாது. ஆனால் அந்த உறுதியெல்லாம் அமைதியான நீரில்தான். பக்கவாட்டில் அலை வந்தால் தட்டை அடி அலையின் சரிவோடு சேர்ந்து சாயும். ஓரளவுக்கு மேல் போனால் சொல்லாமல் கொள்ளாமல் கவிழ்த்துவிடும்.

17, 18 அடி நீளமும் 34 அங்குல அகலமும் லேசாக வளைந்த அடியும் உள்ள நெடும்பயணக் கேனோ இதற்கு நேர்மாறு. ஏறி உட்கார்ந்ததுமே ஆடும், புதியவர்கள் மிரள்வார்கள். ஆனால் சாயச் சாயத் தாங்கிப் பிடிக்கும். ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் கூடுதல் தூரம் போகும், கோடு விலகாது. திருப்புவதுதான் பாடு.

வாங்கும்போது எடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கேனோ 35 கிலோவைத் தொடும், பாறையில் இடித்தாலும் தாங்கும். கெவ்லார் என்ற வலுவான இழையில் செய்தது 20 கிலோ சொச்சம்தான். ஏரிக்கு ஏரி தோளில் சுமக்க வேண்டுமானால் வேறு பேச்சே இல்லை.

இரண்டுக்கும் ஒன்றே போதுமென்றால் 17 அடி நீளம், வளைந்த அடிப்பாகம். குழந்தையை நடுவில், இருக்கையில் அல்ல, அடித்தளத்திலேயே உட்காரவையுங்கள். ஆட்டம் வெகுவாகக் குறையும். சாமான் ஏற்றிய பிறகும் நீர்மட்டத்துக்கு மேல் விளிம்பு 6 அங்குலமாவது நிற்க வேண்டும்.