எண்ணெய்க் குளியலும் எட்டு பேட்சும்

தீபாவளிக்குக் குன்னூர் போயிருந்தேன். நாலு வாரம் என்று கிளம்பியது ஆறு வாரமாகிவிட்டது. காரணம் கடைசியில் பார்த்தால் என் அடிவயிற்றில் ஒட்டியிருந்த ஒரு பிளாஸ்திரி.

இங்கிலாந்தில், லெஸ்டரில், 2 வருடமாக ஈஸ்ட்ரோஜன் பேட்ச் போடுகிறேன். மாதவிடாய் நிற்கும் வயதில் குறைந்துபோகும் ஹார்மோனைத் தோல் வழியே உள்ளே இறக்கும் பிளாஸ்திரி அது. 50 மைக்ரோகிராம், புதனும் சனியும் மாற்ற வேண்டும். கர்ப்பப்பை இருப்பதால் ராத்திரியில் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே வரும், புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடும். அதற்குக் கடிவாளம்தான் அந்த மாத்திரை. டப்பாவுக்கு 8 பேட்ச், நாலு வாரத்துக்குச் சரியாக வரும். அளந்தெடுத்தாற்போல ஒரே டப்பாவோடு கிளம்பினேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம். மாத்திரையாவது ரெண்டு மாசத்துக்கு இருந்தது.

மலை ரயிலில் ஏறத்தான் ஆசை. ஐப்பசி மழையில் பாதையில் மண் சரிந்து ரத்து செய்திருந்தார்கள். கோவையிலிருந்து டாக்சி. 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டிரைவர் தம்பி போனிலேயே எடுத்து வைத்திருந்தார், சோதனைச் சாவடியில் தாமதமே இல்லை. மேட்டுப்பாளையத்தில் சாப்பிட இறங்கியபோது கைப்பையைக் காருக்குள் விட்டுவிட்டேன். 25 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. பாதி இலையில் எழுந்து ஓடினேன்.

பர்லியார் தாண்டியதும் குளிர். வீட்டுக்குப் போனதும் அக்கா பாசமாகச் சுடுதண்ணிப் பையை வயிற்றில் வைத்தாள். பேட்ச் மேல் சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். பையைக் காலடிக்குத் தள்ளினேன்.

தீபாவளியன்று விடியற்காலை நல்லெண்ணெய். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. சீயக்காய் தேய்த்துக் குளித்து வந்து பார்த்தால், சனிக்கிழமை ஒட்டிய பேட்ச் துண்டோடு வந்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தோலில் புதுசும் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பழைய இடத்தை விட்டு மறுபக்கம் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்தினேன். மாற்றும் நாள் மட்டும் அதே புதன்தான். இடுப்புக்கு மேலே, முக்கியமாக மார்பில், ஒட்டவே கூடாது.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன் அம்மிணி, முதுகுவலி பிளாஸ்திரிய வயித்துல ஒட்டறே?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "எனக்கும் ராத்திரியானா அனல் அடிக்குது. ஜாக்கெட் நனைஞ்சு போகுது. ஒண்ணு குடேன், ஒட்டிப் பாக்கறேன்."

கொடுத்திருப்பேன். சேலை, நகை, மாத்திரை எல்லாம் மாற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது. ஆனால் அடுத்த மூச்சில் அவளே சொன்னாள்: "போன மாசம் ரெண்டு நாள் லேசா பட்டுச்சு. மறுபடி வயசு திரும்புதோ என்னவோ." சிரித்தாள். அவளுக்கு மாதவிடாய் நின்று 3 வருடமாகிறது.

ஒரு வருடம் முழுக்க வராமல் இருந்து பிறகு ஒரு துளி பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் தொடங்கவே கூடாது. டப்பாவைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

அந்தச் சின்ன கிளினிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். டோக்கன், பெஞ்ச், கம்பளி ஸ்வெட்டர் போட்ட கூட்டம், இரண்டு மணி நேரம். ஆனால் உள்ளே போனபின் அவர் அவசரப்படவில்லை. கர்ப்பப்பை இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்று உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா, பக்கவாதம், ஈரல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். லெஸ்டரில் என்னிடம் போனில் ஏழு நிமிடம் பேசினார்கள். ஸ்கேனில் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது, கோவைக்கு அனுப்பினார். அங்கே ஒரு சதை வளர்ச்சியை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் எங்கே கிளம்ப? டிக்கெட்டை மாற்றினேன். பேட்ச் தீர்ந்தது.

குன்னூரில் நாலு மெடிக்கலில் கேட்டேன். ஒருவர் வலி பிளாஸ்திரியை நீட்டினார். இன்னொருவர், சிகரெட் விடுவதற்கா என்று கேட்டார்! அதே டாக்டரம்மாவிடம் போனதும் ஜெல் எழுதிக்கொடுத்தார். கோவையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. என் பேட்சுக்கு ஈடாக நாளுக்கு இரண்டு அழுத்து. கையின் வெளிப்பக்கம் தடவி ஐந்து நிமிடம் காயவிட வேண்டும், பிறகு கை கழுவ வேண்டும். ஒரு மணி நேரம் யார் தோலும் அங்கே படக்கூடாது. அக்கா பேரன் மடியை விட்டு இறங்காத பிள்ளை. அவன் எழுமுன்பே தடவிக்கொண்டேன். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்குவதைவிட ஜெல்லிலும் பேட்சிலும் ரத்தம் கட்டும் பயம் குறைவு என்றாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வா என்று சொல்லி அனுப்பினார்.

கழற்றிய பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்துத்தான் போட வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் குப்பைப் பையைக் குரங்கு பிரித்து மேய்கிறது. மூடி இறுகும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்து, குப்பை வண்டி வந்தபோது கையிலேயே கொடுத்தேன்.

அக்காவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. போன வாரம் கூப்பிட்டாள். "அனல் அடிக்கறதுக்கு இனி மருந்து பாக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பேட்ச் ஒட்டினா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க முடியாதாமே? அதான் யோசிக்கறேன்."