அவசரக் கடல்நீர்த் தொட்டிக்கு ஸ்பான்ஜ் ஃபில்டர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2022 இல் ஒரு நள்ளிரவில் எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போனது. இரண்டு கோமாளி மீன்களையும் ஒரு டாம்சல் மீனையும் 60 லிட்டர் பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றினேன். மறுநாள் காலையில் சென்னை கொளத்தூரில் வாங்கிவந்த புதிய ஸ்பான்ஜ் ஃபில்டரை (காற்றுக் குமிழிகளின் இழுப்பில் தண்ணீரை ஸ்பான்ஜ் வழியே ஓட்டும் வடிகட்டி) ஏர் பம்புடன் இணைத்துவிட்டு, தண்ணீரைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று நம்பினேன். மூன்றாம் நாள் டாம்சல் இறந்தது. அதன் பிறகுதான் அமோனியாவைச் சோதித்துப் பார்த்தேன் என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

புதிய ஸ்பான்ஜ் வெறும் ஸ்பான்ஜ்தான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் குடியேறப் பல வாரங்கள் ஆகும். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், அமோனியாவின் நச்சு வடிவம் நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். நன்னீர்த் தொட்டிக்காரர்கள் பரிந்துரைக்கும், அமோனியாவைப் பிடித்துவைக்கும் கனிமமான ஜியோலைட்டும் இங்கே கைகொடுக்காது, ஏனெனில் உப்புநீரில் உள்ள சோடியம், அதில் அமோனியா ஒட்ட வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்கிறது.

அன்றிலிருந்து, பாக்டீரியா முன்கூட்டியே குடியேறட்டும் என்று, இரண்டு ஸ்பான்ஜ்களை முதன்மைத் தொட்டியின் சம்பில் (அதன் தண்ணீர் சுற்றிவரும் துணைத் தொட்டியில்) எப்போதும் போட்டு வைத்திருக்கிறேன். தேவை வரும் நாளில் ஒன்றை எடுத்து, முதன்மைத் தொட்டியின் தண்ணீரையே நிரப்பிய டப்பில் வைத்து, ஏர் பம்பை இயக்கினால் போதும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைப்பதும், குழாயில் ஒரு செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் விடும் அடைப்பான்) மாட்டுவதும் அவசியம். மின்சாரம் நின்றால் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் நின்றபோது, அதே ஸ்பான்ஜைப் பேட்டரி ஏர் பம்பில் ஓட்டினேன். மீன்கள் அனைத்தும் பிழைத்தன. மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் ஃபில்டராக இருந்திருந்தால், ஓட்டம் நின்றதும் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாவே இறக்கத் தொடங்கியிருக்கும். கடல்நீரில் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவாகவே கரைகிறது என்பதால், குமிழிகள் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருப்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. குமிழி வெடித்துத் தெறிக்கும் உப்பு, டப்பின் விளிம்பிலும் குழாயிலும் படிந்து இறுகுகிறது. வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் குழாய் அடைபடும். ஆவியாகும் நீரை ஆர்.ஓ. தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்புநீரை ஊற்றினால் உப்படர்த்தி ஏறிக்கொண்டே போகும். உப்படர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்பதை நாள்தோறும் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, எடுத்துவைத்த பழைய தொட்டித் தண்ணீரில் மெதுவாகப் பிழிந்தால் போதும். முதல் வாரம் உணவைப் பாதியாகக் குறைப்பதும், அமோனியா தென்படும் நாளில் கால் பங்கு தண்ணீரை மாற்றுவதும் என் வழக்கம்.

சென்ற ஆண்டு வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து கொடுத்தபோதும் இதே ஏற்பாடே உதவியது. ஆனால் தாமிரம் பட்ட ஸ்பான்ஜை மீண்டும் சம்பில் போடாமல் எறிந்துவிட்டேன். தாமிரம் ஊறிய பொருளைப் பவளமும் இறாலும் உள்ள தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் துணிவு எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக அன்றே ஒரு புதிய ஸ்பான்ஜைச் சம்பில் இறக்கினேன்; இப்போது அதுவும் பழுப்பேறித் தயாராக இருக்கிறது.