ஏரித் தரவுக்கு ஈஸிஇஎம்எல்: ஒரு மதிப்புரை

ஏரி நீரின் அளவீடுகளைச் சரிபார்த்துப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுவது என் வேலை. அதற்கு நான் பயன்படுத்துவது ஈஸிஇஎம்எல். சூழலியல் தரவுகளுக்கு மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய விவரம், எழுதுவதற்கான பொதுத் தரம் இஎம்எல். அந்தத் தரத்தில் ஆவணம் தயாரிக்க என்விரான்மென்டல் டேட்டா இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு உருவாக்கிய இணையக் கருவி இது. இஎம்எல் உள்ளுக்குள் முழுக்க எக்ஸ்எம்எல், அதாவது ஒவ்வொரு விவரத்தையும் குறிச்சொற்களுக்குள் அடைத்து எழுதும் கணினி வடிவம். கையால் எழுத உட்கார்ந்தால் பாதியிலேயே வெறுத்துவிடும். இங்கே படிவத்தை நிரப்பினால் போதும், எதையும் நிறுவ வேண்டாம்.

தலைப்பு, சுருக்கம், உரிமம் எல்லாம் எந்தக் களஞ்சியமும் கேட்பதுதான். எனக்குப் பிடித்தது, அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பை ஏற்றியபின் வரும் பகுதி. ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து, இது எண்ணா, தேதியா, வகைப்பெயரா, வெறும் எழுத்தா என்று கருவியே ஊகித்து வைக்கிறது. தவறாக இருந்தால் நாம் மாற்றலாம். அப்புறம் கேள்விகள்: இந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது, அலகு என்ன, தேதி எந்த வடிவில் இருக்கிறது, விடுபட்ட மதிப்புக்கு என்ன குறியீடு.

கடைசிக் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உணரி வேலை செய்யாத நேரத்தை -9999 என்று பதிவது வழக்கம். 24.1, 24.3, -9999, 24.2 என்ற நான்கின் சராசரி -2481.6, யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். ஆனால் 24 டிகிரியை ஒட்டிய அளவுகள், மணிக்கு ஒன்றாக ஆண்டு முழுக்க 8760. அதில் ஒரே ஒரு -9999 என்றால்? சராசரி ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும், அவ்வளவுதான். யாருக்கும் சந்தேகம் வராது. ஏரி குளிர்ந்துவிட்டது என்று கட்டுரையே எழுதிவிடலாம். குறியீட்டை மெட்டாடேட்டாவில் சொல்லிவிட்டால், படிக்கும் நிரல் அதை விலக்கிவிட வழி கிடைக்கிறது.

நிரப்பி முடித்ததும் மெட்டாடேட்டாவைச் சோதிக்கச் சொல்லலாம். பிழை சிவப்பு, எச்சரிக்கை மஞ்சள், சரி என்றால் பச்சை. தரவு அட்டவணையையும் தனியாகச் சோதிக்கலாம். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் பிடித்துக் கொடுக்கும்.

பச்சை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நைட்ரேட் நெடுவரிசைக்கு அலகு லிட்டருக்கு மில்லிகிராம் என்று கொடுத்தால் கருவிக்குத் திருப்தி. ஆனால் அது நைட்ரேட்டின் எடையா, அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டுமா? நைட்ரஜனாகச் சொன்ன 10 மில்லிகிராம், நைட்ரேட்டாகச் சொன்னால் 44க்கும் மேல். இரண்டுக்கும் அலகு ஒன்றே என்பதால் எந்தச் சோதனையும் இதைக் கண்டுபிடிக்காது. விளக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். நான் மற்றவர்களின் தரவை எடுக்கும்போது முதலில் தேடுவது அந்த வரியைத்தான். இல்லையென்றால் அந்த நெடுவரிசையைத் தொடுவதில்லை.

எல்லாத் தரவுக்கும் இது பொருந்தாது. காலநிலை மாதிரிகள் தரும், நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்த தரவுக்கு நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வடிவமும், அதில் விவரங்களை எழுதும் சிஎஃப் மரபுகளும்தான் சரி. உயிரினப் பதிவுகளை ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய பல்லுயிர்த் தரவுத் தளத்தில் பகிர, அதற்கான தரமான டார்வின் கோர் வேண்டும். அங்கும் தரவுத்தொகுப்பைப் பற்றிய விவரம் இஎம்எல்லின் ஒரு வடிவத்தில்தான் போகிறது. அட்டவணையாக இருக்கும் கள அளவீடுகளுக்கு ஈஸிஇஎம்எல்லைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அளந்தவர் குழுவில் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். நைட்ரேட்டா நைட்ரஜனா என்பதற்குப் பதில் அவரிடம்தான் இருக்கும்.