மோட்டாரைத் தூக்குவதா, புரொப்பெல்லரை மாற்றுவதா?

"வள்ளம் இழுக்க மாட்டேங்குது" என்று குளச்சல் பக்கம் கரையில் யாரிடம் சொன்னாலும், "புரொப்பெல்லரை மாத்து" என்பதுதான் முதலில் வரும் பதில். என் கணக்கில் அது இரண்டாவது வேலை. மோட்டார் தப்பான உயரத்தில் தொங்கினால் எந்தப் புரொப்பெல்லரைப் போட்டாலும் அதன் குணம் தெரியாது. நல்ல புரொப்பெல்லரைக் குறை சொல்லிக்கொண்டு கடை கடையாக அலைவோம்.

என்னிடம் இருப்பது 22 அடி ஃபைபர் வள்ளம், 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் வெளியே தொங்கும் மோட்டார். மோட்டாரை மூன்று உயரத்திலும், பிறகு இரண்டு புரொப்பெல்லரை மாற்றி மாற்றியும் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் உயரம். புரொப்பெல்லருக்கு நேர் மேலே கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் கேவிடேஷன் பிளேட் என்பார்கள். வள்ளத்தைக் கரையில் ஏற்றி, மோட்டாரை நேராக இறக்கி, அடிப்பாகத்தோடு ஒரு நேர்க்கம்பை ஒட்டிப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். கம்பும் தகடும் ஒரே மட்டத்திலோ, தகடு கம்புக்கு ஓர் இஞ்ச் மேலேயோ இருந்தால் தொடங்குவதற்கு அது சரியான இடம். என் மோட்டாரில் தகடு ஒன்றரை இஞ்ச் கீழே கிடந்தது. மோட்டாரைப் பின்பலகையில் மாட்ட மேலும் கீழுமாக ஓட்டைகள் இருக்கும்; மாட்டியவர் கடைசி ஓட்டையில் போல்ட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டியிருக்கிறேன்.

தாழ்வாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? திடீரென்று எதுவும் கெடாது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. கியர் இருக்கும் கீழ்ப்பகுதி தேவைக்கு மேல் தண்ணீரில் முங்கி இழுவையாகிறது. கைப்பிடி கனக்கிறது. பின்பலகை ஓரமாகத் தண்ணீர் மேலே சீறி முதுகை நனைக்கிறது. பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. அதை நாம் நீரோட்டத்தின் தலையிலும் காற்றின் தலையிலும் போட்டுவிடுகிறோம்.

உயரம் கூடினால் கோளாறு உடனே காதில் விழும். திருப்பத்திலோ அலை முதுகிலோ புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சிவிடும். மோட்டார் வீரென்று அலறும், வள்ளம் நின்றுவிடும். இதையும் எல்லாரும் கேவிடேஷன் என்றே சொல்கிறார்கள். உண்மையான கேவிடேஷன் வேறு. இதழின் மேல் அழுத்தம் மிகவும் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் குமிழாகும். அந்தக் குமிழ்கள் உடையும்போது உலோகத்தைச் செல்லரித்த மாதிரி ஆக்கிவிடும். நீராவி டர்பைனை உருவாக்கிய பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பினியா கப்பலில் மல்லாடியது இதோடுதான். கடைசியில் மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று என்று ஒன்பது புரொப்பெல்லர் மாட்டி, 1897இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் ஓடிக் காட்டினார். நமக்கு வருவது பெரும்பாலும் காற்று உறிஞ்சும் கோளாறுதான்; அதற்கு மருந்து ஒரு ஓட்டை கீழே இறக்குவது.

உயர்த்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் துளைகள் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. அவை வெளியே வந்தால், பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலியும். வேகம் எவ்வளவு கூடினாலும் அந்தப் பீச்சல் மெலிந்தால் இறக்கிவிடுங்கள்.

பெரிய மோட்டார்களில் பெரும்பாலும் ஓட்டைக்கு ஓட்டை முக்கால் இஞ்ச். சின்ன மோட்டார் கிளாம்பில் தொங்கும். அதற்குப் பின்பலகையின் மேல் ஒரு தேக்குக் கட்டை வைத்தால் போதும். நான் இரண்டு ஓட்டை ஏற்றியதும் தகடு அடிப்பாகத்தோடு மட்டமானது. கைப்பிடி லேசானது, முதுகும் நனையவில்லை. இன்னும் ஒன்று ஏற்றி மூன்றாவது ஓட்டையில் வைத்ததும் நேர் ஓட்டத்தில் மணிக்கு இன்னும் 2 கி.மீ. வேகம் கிடைத்தது. ஆனால் அலைக்குள் நுழைந்து கரை பிடிக்கும் நேரத்தில் ஒரு தடவை அலறிக் காட்டியது. அலை முறியும் இடத்தில் மோட்டார் கைவிட்டால் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். அப்புறம் அந்த 2 கி.மீ. எதற்கு? திரும்ப இரண்டாவது ஓட்டைக்கே வந்தேன். துறைமுகத்தில் கட்டுகிறவர், அமைதியான உப்பங்கழியில் ஓடுகிறவர் என்றால் மூன்றாவதில் வைக்கலாம்.

(பழைய மோட்டார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்டு பெரும்பாலும் 15, 20, 25 இஞ்ச் என்று மூன்று நீளத்தில் வரும். பின்பலகை உயரத்தை அளக்காமல் வாங்கினால் ஓட்டை மாற்றிச் சரிக்கட்ட முடியாது.)

சரி, இப்போது புரொப்பெல்லர். அதில் இரண்டு எண் இருக்கும்: விட்டம், பிட்ச். 13 பிட்ச் என்றால், மரத்தில் திருகாணி ஏறுவது போல வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு 13 இஞ்ச் முன்னேறும் என்று அர்த்தம். தண்ணீரில் வழுக்கும். பிட்ச் ஓர் இஞ்ச் குறைந்தால் முழு திராட்டிலில் (ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்தால்) மோட்டார் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும்.

என்னிடம் இருந்தது 13. பக்கத்து வள்ளத்தில் ஒரு 11 கடன் வாங்கினேன். சுற்றை எண்ண, ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றி மாட்டும் சின்ன டாக்கோமீட்டர்; வேகத்துக்குப் போனில் ஜிபிஎஸ். நீவாடு (கடல் நீரோட்டம்) கணக்கைக் கெடுக்காமல் இருக்கப் போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி. என் மோட்டார் புத்தகத்தில் முழு திராட்டிலுக்குச் சொல்லியிருப்பது 4500 முதல் 5500 சுற்று.

ஆள் இரண்டு பேர், வலை இல்லை: 13இல் 5100 சுற்று, மணிக்கு 39 கி.மீ.; 11இல் 5500 சுற்று, 37 கி.மீ. இதோடு நிறுத்தியிருந்தால் 13தான் ஜெயித்திருக்கும். கடையில் விற்கிறவர் காட்டுவதும் இந்தக் காலி ஓட்டத்தைத்தான். வலை, ஐஸ் பெட்டி, நான்கு ஆள், மீன் எல்லாம் ஏறிய பிறகு 13இல் மோட்டார் 4300க்கு மேல் ஏறவே இல்லை. வேகம் 27 முதல் 28. அதே சுமையில் 11 போட்டதும் 4750 சுற்று, 29 கி.மீ. சின்ன பிட்ச்தான் வேகமாகப் போனது! வேகத்தை விடுங்கள், 4300இல் திராட்டிலை முழுக்கத் திறந்து வைப்பது, மேட்டில் டாப் கியரில் வண்டியை ஏற்றுவது மாதிரி. பிஸ்டனுக்கு அது ஆகாது.

தொழிலுக்குப் போகிற வள்ளத்துக்குச் சுமையோடு திரும்பும் நேரத்தை வைத்துத்தான் பிட்ச் பார்க்க வேண்டும். காலியாக ஓடும்போது சுற்று எல்லை தாண்டினால் கையைக் கொஞ்சம் பின்னே இழுத்தால் போதும். சுமையில் திணறும் மோட்டாருக்கு அப்படி எதுவும் செய்ய முடியாது.

அலுமினியமா, ஸ்டெயின்லெஸ்ஸா? ஸ்டெயின்லெஸ் வளையாது, இதழ் மெலிசு, உயரத்தில் மாட்டினாலும் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். விலை பல மடங்கு. பாறையில் மோதினால் அடி கியருக்கு ஏறும். அலுமினியம் தானே வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். மணலில் ஏற்றி இறக்கும் எங்கள் கரைக்கு அலுமினியம்தான். நான்கு இதழ் எனக்குத் தேவைப்படவில்லை. அலையில் பிடிமானம் நல்லது, அதிர்வு குறைவு, ஆனால் உச்ச வேகம் கொஞ்சம் போகும், பிட்சையும் ஓர் இஞ்ச் குறைக்க வேண்டிவரும்.

எதைப் போட்டாலும் கழற்றும்போது தண்டின் அடியில் பாருங்கள். தூண்டில் நரம்பு சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீலை அறுத்திருந்தால், தண்ணீர் புகுந்து கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்து வரும். இந்தச் சோதனைக்காகக் கழற்றியபோது எனக்கு அரை முழ நரம்பு கிடைத்தது. நல்லவேளை, ஆயில் வெளுக்கவில்லை.

இப்போது ஓடுவது 11, இரண்டாவது ஓட்டையில். பழைய 13ஐ விற்கவில்லை. இரண்டு பேராகத் தூண்டிலுக்குப் போகிற நாட்களில் மட்டும் அது ஏறும். ஒரு ஸ்பேனரும் புது கோட்டர் பின்னும் இருந்தால் பத்து நிமிஷ வேலை.