ஐஎஸ்சி டிஎச்சிபி, கீயா: எந்த சர்வர் எடுப்பது?

நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுப்பது டிஎச்சிபி சர்வர். ஐஎஸ்சி (இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்டியம்) என்ற அமைப்பின் பழைய டிஎச்சிபி சர்வரின் செட்டிங்ஸ் முழுக்க டிஎச்சிபிடி.கான்ஃப் என்ற ஒரே ஃபைலில் இருக்கும். சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி), ரேஞ்ச் (கொடுக்கக்கூடிய முகவரிகளின் வரம்பு), லீஸ் நேரம் (ஒரு கருவி முகவரியை வைத்துக்கொள்ளும் காலம்) எல்லாம் படித்தாலே புரிந்துவிடும். ஆனால் அந்த ஃபைலில் ஒரு பிரிண்டருக்கு நிலையான முகவரி சேர்த்தால்கூட சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

அதே ஐஎஸ்சி உருவாக்கிய கீயா, செட்டிங்ஸை ஜேசன் (JSON) என்ற, அடைப்புக்குறியும் கமாவும் கறாராகப் பார்க்கும் வடிவில் கேட்கிறது. ஒரு கமா விட்டுப்போனாலும் சர்வர் கிளம்பாது. அதனால் ஃபைலை முதலில் '-t' ஆப்ஷனில் சோதித்துவிடுங்கள். இந்தச் சிரமத்துக்குப் பலன் பெரிது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கான்ஃபிக்-ரீலோட் கட்டளையால் புதிய செட்டிங்ஸை ஏற்றலாம். லீஸ் விவரங்களை மைசீக்வல், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வைக்கலாம். லீஸ் நேரத்துக்கு இங்கே வேலிட்-லைஃப்டைம் என்று பெயர், கணக்கு நொடியில். 3600 என்றால் ஒரு மணி நேரம். ஐபி முகவரியின் பழைய வகையான ஐபிவி4, புதிய வகையான ஐபிவி6 இரண்டுக்கும் தனித்தனி சர்வீஸ்.

எளிமை என்று பார்த்தால் பழையதுதான். ஆனால் 2022-இல் அதன் பராமரிப்பை ஐஎஸ்சி நிறுத்திவிட்டது. அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை, புதிதாகப் போடுபவர் கீயாவையே போடட்டும். பழைய ஃபைலை மாற்றித்தர கீமா என்ற கருவி இருக்கிறது. அந்தக் கருவியால் மாற்ற முடியாத வரிகள் கமென்ட்டாக (சர்வர் கண்டுகொள்ளாத குறிப்பாக) நிற்கும், அவற்றை நாம்தான் கையால் எழுத வேண்டும்.